மறைத்து வைத்த வாள் அஞ்ச வைக்குமா?

 

2025-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள். ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 அப்பாவி உயிர்கள் பறிக்கப்பட்டதன் தொடர்ச்சியாக, அன்றைய அதிகாலையில் இந்தியப் படைகள் எல்லைக்கு அப்பாலிருந்த இலக்குகளைத் தாக்கியிருந்தன. அதே நாளில் நாடெங்கும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகையும் நடைபெற்றது. நம் தமிழகத்தில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் அது நடந்தது. எங்கள் மங்கலம்பேட்டையில் அபாயச் சங்கு எதுவும் ஒலிக்கவில்லை. ஆயினும் எந்த வீட்டைக் கடந்தாலும் தொலைக்காட்சியின் இரைச்சல் தெருவரை கேட்டது.

மஃரிபு தொழுகைக்குப் பின் மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். அவருடைய ஒரே மகன் இராணுவத்தில் பணிபுரிகிறான். அப்போது வடக்கே எல்லைப் பகுதியில் இருந்தான். இரண்டு நாள்களாகத் தொலைபேசி வரவில்லை. "ஹஜ்ரத், பிள்ளைகளை வெச்சு துஆ செய்யுங்க" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் அவருக்கு ஆறுதல் கூற விரும்பினான். "கவலைப்படாதீங்க பெரியம்மா! யாருக்குமே தெரியாத இரகசிய ஆயுதமெல்லாம் நம்மகிட்ட இருக்காம். டிவியில சொன்னாங்க. எவனும் கிட்ட வரமாட்டான்" என்றான்.

அந்தத் தாய் அவனைப் பார்த்து, "யாருக்குமே தெரியாதுன்னா அவனுக்கும் தெரியாதே தம்பி! தெரியாத ஒண்ணுக்கு அவன் எப்படிப் பயப்படுவான்?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத பெண்மணி அவர். ஆனால் உலக வல்லரசுகளின் போர்த்துறை அறிஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியை ஒரே வரியில் கேட்டுவிட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில் வாங்கிய நூல்களையும், பிறகு சேர்த்து வைத்த செய்தித்தாள் நறுக்குகளையும் எடுத்துப் புரட்டினேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலையே உங்கள் முன்னும் வைக்கிறேன்.

அஞ்ச வைத்துத் தடுத்தல்

ஒரு நாடு மற்றொரு நாட்டைத் தாக்காமல் இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. நட்பு ஒன்று, வணிகம் ஒன்று, நீதியுணர்வு ஒன்று. இவை எதுவும் இல்லாத இடத்தில் எஞ்சி நிற்பது அச்சம். "தாக்கினால் நாம் பெறுவதைவிட இழப்பது அதிகம்" என்று எதிரி கணக்கிட்டுப் பார்த்துக் கையை மடக்கிக் கொள்வதையே அஞ்ச வைத்துத் தடுத்தல் என்கிறார்கள். இங்கே 'கணக்கிட்டுப் பார்த்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிரியின் மனத்தில் நடக்கும் கணக்கு அது. அவன் அறியாத ஒன்று அவனுடைய கணக்கில் எப்படி ஏறும்?

அப்படியானால் இராணுவத்தில் எதையும் மறைக்கவே கூடாதா? அப்படியும் இல்லை. எதை மறைப்பது, எதைக் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நம் அனைவருக்கும் நன்கு தெரிந்த ஒரு வரலாற்றிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது.

மர்ருழ் ழஹ்ரானில் எரிந்த நெருப்புகள்

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, ரமலான் மாதம். ஹுதைபிய்யா உடன்படிக்கை மீறப்பட்ட பின்னர் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் படை திரட்டினார்கள். எங்கே போகிறோம் என்பது தொடக்கத்தில் நெருங்கியவர்களுக்குக் கூடத் தெரிவிக்கப்படவில்லை. வழிகள் கண்காணிக்கப்பட்டன. ஹாத்திப் (ரலி) அவர்கள் மக்காவில் இருந்த தம் குடும்பத்தாரின் நலனை எண்ணி, ஒரு பெண்ணிடம் இரகசியமாகக் கொடுத்தனுப்பிய கடிதமும் இடைவழியில் கைப்பற்றப்பட்டது. இவ்வளவு இறுக்கமான இரகசியம்!

ஆனால் மக்காவை நெருங்கி மர்ருழ் ழஹ்ரானில் கூடாரமிட்ட இரவில் என்ன நடந்தது? பத்தாயிரம் பேர் கொண்ட அந்தப் படை, தன்னை இருளில் மறைத்துக் கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே நெருப்பு மூட்டுமாறு பணிக்கப்பட்டனர். பாலைவன இரவில் அடிவானம் வரை எரிந்த நெருப்புகளைக் கண்டு, வேவு பார்க்க வந்த அபூஸுஃப்யான் திகைத்து நின்றார். மறுநாள், பள்ளத்தாக்கின் குறுகிய வழியில் அவரை நிறுத்தி, அணியணியாகப் படைகள் கடந்து செல்வதைப் பார்க்கச் செய்தார்கள் அப்பாஸ் (ரலி) அவர்கள். பார்த்தவர் ஊருக்கு விரைந்து, எதிர்த்து நிற்பது வீண் என்று தம் மக்களிடம் அறிவித்தார்.

அதோடு முடியவில்லை. அபூஸுஃப்யானின் இல்லத்தில் நுழைந்தவருக்கும், தம் கதவை அடைத்துக் கொண்டவருக்கும், பள்ளிவாசலில் புகுந்தவருக்கும் அபயம் என்ற அறிவிப்பும் சேர்ந்தே சென்றது. பெரும் இரத்தக் களரியாக முடிந்திருக்க வேண்டிய நாள், மிகச் சிலரின் உயிரிழப்போடு முடிந்தது.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. படை வரும் வழி மறைக்கப்பட்டது. படையின் வலிமை காட்டப்பட்டது. அடங்கி நிற்பவனுக்குத் தப்பும் வழி திறந்து வைக்கப்பட்டது. இம்மூன்றில் எது குறைந்தாலும் என்ன நேரும் என்பதற்கு 20-ஆம் நூற்றாண்டு நிறையச் சான்றுகளை விட்டுச் சென்றிருக்கிறது.

கியூபா: ஒளித்து வைத்தது எவரையும் தடுக்கவில்லை

1962 அக்டோபர். அமெரிக்காவின் வாசலில் இருக்கும் கியூபாத் தீவில் சோவியத் ரஷ்யா அணு ஏவுகணைகளை இரகசியமாக இறக்கியது. வேலை முடிந்த பிறகு உலகுக்கு அறிவிக்கலாம் என்பது சோவியத் தலைவர் குருஷேவின் எண்ணம். அதற்கு முன்பே, அக்டோபர் 14 அன்று, அமெரிக்க வேவு விமானம் அவற்றைப் படம் பிடித்துவிட்டது. கென்னடி கடலில் தடுப்பு வளையம் அமைத்தார். தீவின் மீது படையெடுத்துவிட வேண்டும் என்று அவருடைய தளபதிகள் வற்புறுத்தினார்கள்.

அத்தளபதிகள் அறியாத செய்தி ஒன்றிருந்தது. நெடுந்தூரம் செல்லும் ஏவுகணைகளோடு, கரையில் இறங்கும் படையை அங்கேயே எரிப்பதற்கான குறுந்தூர அணு ஆயுதங்களும் அத்தீவில் இருந்தன. அவை அங்கே இருப்பதை அறிந்திருந்தால் படையெடுப்பைப் பற்றிப் பேசவே தயங்கியிருப்பார்கள். அறியாததால் துணிந்து பேசினார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1992 ஜனவரியில் ஹவானாவில் நடந்த ஒரு மாநாட்டில் ரஷ்யத் தளபதி கிரிப்கோவ் இதை வெளியிட்டார். கென்னடியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மக்னமாரா அந்த அவையில் அமர்ந்து அதிர்ச்சியோடு கேட்டார்.

இதனினும் கொடியது கடலுக்கடியில் நடந்தது. அக்டோபர் 27 அன்று பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்து, அதை மேலே வரவழைக்கச் சிறு வெடிகளை நீரில் போட்டன. அந்தக் கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ ஒன்று இருப்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. மேலே போர் தொடங்கிவிட்டதா இல்லையா என்பது கீழே இருந்தவர்களுக்குத் தெரியாது. உள்ளே தாங்க முடியாத வெப்பம், மூச்சுத் திணறல். கப்பல் தலைவர் டார்பிடோவை ஆயத்தப்படுத்தச் சொன்னார். அதே கப்பலில் இருந்த ஆர்கிப்போவ் என்ற அதிகாரி இணங்க மறுத்து, அவரை அமைதிப்படுத்தினார். கப்பல் மேலே வந்தது. இந்நிகழ்ச்சி பரவலாக வெளியே தெரிய 2002 வரை ஆயிற்று.

சற்றே சிந்தியுங்கள்! அந்த டார்பிடோ யாரைத் தடுத்தது? ஒருவரையும் தடுக்கவில்லை. தடுப்பதற்கென்று கொண்டு வரப்பட்ட ஆயுதம், மறைந்திருந்த காரணத்தாலேயே, உலகைக் கொளுத்தும் திரியாக மாற இருந்தது. அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறில்லை.

இல்லாததை இருப்பது போல் காட்டியவர்

உள்ளதை மறைப்பதற்கு நேர்மாறானது, இல்லாததை இருப்பது போல் பாவிப்பது. ஈராக்கின் சதாம் உசேன் இதில் சிக்கினார். 1991 வளைகுடாப் போருக்குப் பின் அவருடைய இரசாயன, அணு ஆயுதத் திட்டங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஆயினும் அண்டை நாடான ஈரான் அதை அறிந்தால் தன்னை எளிதாக எண்ணிவிடும் என்று அஞ்சி, இருக்கிறதோ இல்லையோ என்ற ஐயத்தை அவர் முழுமையாகப் போக்கவே இல்லை. ஈரானுக்கென்று போட்ட முகமூடியை அமெரிக்கா காரணமாகக் காட்டியது. 2003-இல் படையெடுப்பு நடந்தது. ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. பிறகு அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு நாடு முழுவதும் தேடி, அத்தகைய ஆயுதக் குவியல் இல்லை என்று 2004-இல் அறிக்கை தந்தது. அதற்குள் அப்பாஸியர்களின் பழம்பெரும் தலைநகரம் சிதைந்து கிடந்தது. படையெடுத்தவர்களின் குற்றம் அதனால் குறைந்துவிடாது. ஆனால் பொய்யான இரகசியமும் ஒரு மக்களைக் காக்காது என்பதை மறுக்க முடியாது.

பொக்ரானில் மறைத்ததும் காட்டியதும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1974 மே 18 அன்று இராஜஸ்தான் பாலைவனத்தில் பொக்ரான் என்ற இடத்தில் இந்தியா முதல் அணுவெடிப்பை நடத்தியது. 'அமைதிக்கான சோதனை' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. அதன் பின் 24 ஆண்டுகள் இந்தியாவிடம் அணுகுண்டு உண்டா இல்லையா என்பதற்கு உண்டு என்றோ இல்லை என்றோ பதில் வரவில்லை. பாகிஸ்தானும் அதே போல் வாய் திறவாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இந்த அரை இருட்டு எவ்வளவு ஆபத்தானது என்பதை 1987 காட்டியது. 1986 இறுதியில் இராஜஸ்தானில் இந்தியா 'பிராஸ்டாக்ஸ்' என்ற மாபெரும் போர்ப் பயிற்சியைத் தொடங்கியது. அது பயிற்சியா, படையெடுப்பின் முன்னுரையா என்று அறியாத பாகிஸ்தான் தன் படைகளை எல்லைக்கு நகர்த்தியது. அந்தப் பதற்றத்தின் நடுவே, 1987 ஜனவரி 28 அன்று, பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ.கான் நம் நாட்டுப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரிடம் பேசினார். தங்களிடம் அணுகுண்டு செய்யும் ஆற்றல் உண்டு என்பதே அவர் பேச்சின் சாரம். அது எச்சரிக்கையாகக் கருதப்பட்டது. ஆனால் அச்செய்தி இலண்டன் வார இதழில் வெளிவந்தது மார்ச் 1 அன்றுதான்! பிப்ரவரி தொடக்கத்திலேயே படைகளை விலக்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. பின்னர் மறுப்பும் வந்தது. தடுக்க வேண்டிய சொல், நெருக்கடி தணிந்த பிறகு வந்து சேர்ந்தது. அந்த ஜனவரியில் ஒரு குண்டு தவறுதலாக வெடித்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

1995-இல் பொக்ரானில் மீண்டும் ஆயத்தங்கள் நடந்தன. அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அவற்றைக் கண்டுகொண்டன, அழுத்தம் வந்தது, நரசிம்மராவ் அரசு நிறுத்தியது. ஆகவே 1998-இல் வேறு விதமாகத் திட்டமிட்டார்கள். அதன் முன்னணியில் தமிழர் இருவர் இருந்தனர். ஒருவர், இராமேசுவரத்தில் ஓர் எளிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம். மற்றொருவர், அப்போது அணுசக்திக் குழுமத்தின் தலைவராக இருந்த சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஆர்.சிதம்பரம். கலாம் 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்' ஆனார். சிதம்பரம் 'மேஜர் ஜெனரல் நடராஜ்' ஆனார். இராணுவ உடையில், புனை பெயரில், சுற்று வழிகளில் விஞ்ஞானிகள் சென்று சேர்ந்தார்கள். பெரும்பாலும் இரவில் வேலை. விடியுமுன் எந்திரங்கள் எல்லாம் பழைய இடத்திலேயே நிறுத்தப்படும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்தால் நேற்றும் இன்றும் ஒன்று போலவே தோன்றும். வெடிகுண்டு இறக்கிய குழிகளுக்கும் 'தாஜ்மகால்', 'வெள்ளை மாளிகை', 'கும்பகர்ணன்' என்று சங்கேதப் பெயர்கள்!

மே 11 அன்று பிற்பகல் மூன்று சோதனைகள். மே 13 அன்று இரண்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு அரும்பாடுபட்டுக் காத்த இரகசியத்தை, மே 11 மாலையிலேயே பிரதமர் வாஜ்பாய் பத்திரிகையாளர்களை அழைத்துத் தாமே வெளியிட்டார். மறைத்தது ஆயத்தத்தை, காட்டியது வலிமையை. மே 28 அன்று சாகாய் மாவட்டத்திலும், மே 30 அன்று மீண்டும் ஒருமுறையும் பாகிஸ்தான் தன் பதிலைத் தந்தது. அரை இருட்டு நீங்கியது.

நீங்கியதும் அமைதி வந்துவிட்டதா? இல்லை. அடுத்த ஆண்டே, 1999 மே முதல் ஜூலை வரை, கார்கில் மலைமுகடுகளில் போர் நடந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிர் நீத்தார்கள். அணுகுண்டு பெரும்போரைத் தடுக்கலாம். சிறுபோரைத் தடுக்காது என்று அந்தச் சவப்பெட்டிகள் சொல்லிச் சென்றன. 2025 மே மாதம் அதையே மீண்டும் சொன்னது. எனவே, குண்டு இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது உண்மையாகாது.

நெல்லைச் சீமையில் ஓர் உயர்ந்த கம்பம்

2003 ஜனவரி 4 அன்று இந்தியா தன் அணு ஆயுதக் கொள்கையை வெளிப்படையாக அறிவித்தது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது அதன் அடிப்படை. நல்ல கொள்கைதான். ஆனால் முதல் அடியை வாங்கிக்கொள்ளும் நாட்டிடம், அந்த அடிக்குப் பிறகும் ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? நிலத்தில் உள்ள தளங்களை எதிரி அறிவான்; அழிக்கவும் கூடும். கடலடியில் திரியும் கப்பலை அப்படிக் கண்டுபிடிக்க இயலாது. இதற்காகப் பிறந்தவையே அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல்கள்.

அவற்றுக்கான அணு உலையின் முன்மாதிரி நம் கல்பாக்கத்தில் உருவானது. 2003-லேயே இயங்கத் தொடங்கிய அதைப் பற்றி 2009-இல்தான் நாடு அறிந்தது. அதே 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் 'அரிஹந்த்' கப்பல் நீரில் இறக்கப்பட்டது. 2016-இல் அது கடற்படையில் ஓசையின்றிச் சேர்க்கப்பட்டது. அதன் முதல் காவல் பயணம் நிறைவேறியதை 2018 நவம்பர் 5 அன்று பிரதமர் மோடி அறிவித்தார். 2024 ஆகஸ்டு 29 அன்று 'அரிகாத்' என்ற இரண்டாம் கப்பலும் சேர்ந்தது.

கடலடியில் இருக்கும் கப்பலுக்குச் செய்தி சொல்வது எப்படி? சாதாரண வானொலி அலைகள் உப்புநீரைத் துளைத்துச் செல்லா. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள் மட்டுமே ஓரளவு ஆழம் வரை செல்லும். அவற்றை அனுப்ப மிக உயரமான கம்பங்கள் வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி அருகே விஜயநாராயணத்தில், 1990 முதல் இயங்கும் கடற்படை நிலையம் அதற்கானதே. வீரபாண்டிய கட்டபொம்மனின் பெயர் தாங்கிய அந்நிலையத்தில், 400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கம்பங்களை வயற்காட்டில் நிற்கும் உழவனும் பார்க்கலாம். ஆடு மேய்க்கும் சிறுவனும் பார்க்கலாம்.

கம்பம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கப்பல் இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரிகிறது. எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. இருப்பை அறிவித்து, இடத்தை மறைக்கும் இந்த முறையே அஞ்ச வைத்துத் தடுப்பதில் இரகசியத்துக்குரிய சரியான இடம். எதிரியின் கணக்கில் அது ஏறிவிட்டது. அவனால் அழிக்கவும் முடியாது. எனவே முதலில் தாக்குவதில் அவனுக்கு ஆதாயம் இல்லை.

புத்தாண்டு தோறும் ஒரு பட்டியல்

மக்கா வெற்றியில் கண்ட மூன்றாம் பாடம் எதிரிக்குத் தரும் உறுதிமொழி. "நீ அடங்கியிருந்தால் நானும் தீண்டமாட்டேன்" என்ற சொல் இல்லாத மிரட்டல், எதிரியை மூலையில் தள்ளும். மூலையில் தள்ளப்பட்ட பூனையும் பாயும்!

இந்தியாவும் பாகிஸ்தானும் இத்தகைய உறுதிமொழி ஒன்றைச் செய்துகொண்டிருக்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜெனரல் ஜியாவும் வாய்மொழியாக உடன்பட்டார்கள். 1988 டிசம்பர் 31 அன்று, பெனசீர் பூட்டோ பிரதமராக இருந்தபோது, இஸ்லாமாபாத்தில் அது ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. 1991 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாளில் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை, அட்சரேகை தீர்க்கரேகையோடு, மற்ற நாட்டிடம் கொடுக்க வேண்டும்.

ஆம்! தன் குடும்பத்து நகைப்பெட்டி எந்த அறையில் இருக்கிறது என்று பகையாளிக்கே எழுதிக் கொடுப்பது போன்றது இது. 1992 ஜனவரி 1 அன்று தொடங்கிய இவ்வழக்கம் கார்கில் போருக்குப் பிறகும் நின்றுவிடவில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டு இரு படைகளும் எல்லையில் நேருக்கு நேர் நின்ற குளிரிலும் நிற்கவில்லை. 2025 ஜனவரி 1 அன்று 34-ஆவது முறையாகப் பட்டியல்கள் கைமாறின. 2008-இல் ஏற்பட்ட மற்றோர் உடன்படிக்கையின்படி, அதே நாளில் இரு நாட்டுச் சிறைகளிலும் வாடும் கைதிகள், மீனவர்களின் பெயர்ப் பட்டியலும் கொடுக்கப்படுகிறது.

2022 மார்ச் 9 அன்று நம் பக்கமிருந்து ஓர் ஏவுகணை தவறுதலாகப் புறப்பட்டு, பாகிஸ்தானின் மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. வெடிகுண்டு பொருத்தப்படாத ஏவுகணை அது, உயிர்ச்சேதம் இல்லை. அவர்கள் பதிலுக்கு ஏவாமல் பொறுத்தார்கள். இரு நாள் கழித்து இந்தியா தவற்றை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. பின்னர் மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த இரு நாள் மௌனம் சில மணி நேரமாகக் குறைந்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும். பதற்றமான வேறொரு வாரத்தில் இது நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

பீங்கானுக்குள் ஒரு மெல்லிய கம்பி

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பொம்மைகளோடு, மின்சாரப் பெட்டியில் மாட்டும் பியூஸ் கட்டைகளும் அங்கே செய்யப்படுகின்றன. சூளையில் வெந்த பீங்கான் உறுதியானது, மின்சாரத்துக்கு அசையாதது. ஆனால் வீட்டைக் காப்பது அந்தப் பீங்கான் மட்டுமல்ல. அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பி. மின்சாரம் அளவு மீறினால் முதலில் அது உருகித் தன்னை மாய்த்துக்கொள்கிறது, வீடு தப்புகிறது. சிலர் அடிக்கடி பியூஸ் போகிறதே என்று எரிச்சல்பட்டுத் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். பிறகு கம்பி உருகாது, வீடு எரியும்!

ஏவுகணையும் நீர்மூழ்கிக் கப்பலும் அந்தப் பீங்கான் போன்றவை. ஜனவரி மாதப் பட்டியலும், சோதனைக்கு முன் சொல்லி வைக்கும் வழக்கமும், இரு தளபதிகளுக்கு இடையே உள்ள தொலைபேசியும் அந்த மெல்லிய கம்பி. 1962-இல் அழிவின் விளிம்பைக் கண்டு திரும்பிய அமெரிக்காவும் சோவியத்தும் அடுத்த ஆண்டே தங்களுக்குள் நேரடிச் செய்தித் தொடர்பு ஒன்றை அமைத்துக் கொண்டதும் இதனால்தான்.

2025 மே 10 அன்று பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தான் படை நடவடிக்கைத் தலைவர் இந்தியத் தரப்பில் தமக்கு இணையானவரைத் தொலைபேசியில் அழைத்தார். மாலை 5 மணி முதல் தாக்குதல்களை நிறுத்துவது என்று முடிவாயிற்று. நான்கு நாள் நெருப்பை அடக்க அந்தக் கம்பி உதவியது.

அதே நாள்களில் சில தொலைக்காட்சிகள் என்ன செய்தன? கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று நடக்காததை நடந்ததாக முழங்கின. நம் வீட்டுக் கைபேசிகளும் அதைச் சுமந்து திரிந்தன. பொய்யை எதிரியும் பார்க்கிறான். அவன் கணக்கிலும் அது ஏறுகிறது என்பதை யாரும் எண்ணவில்லை. இல்லாத வலிமையைப் பெருமையாகப் பரப்புவது தேசபக்தி ஆகாது. அது பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றும் வேலை. அடுத்த முறை இத்தகைய செய்தி உங்கள் கைக்கு வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். குடும்பத்தினர் செய்யக்கூடிய நாட்டுப்பணி அது.

மே 10 இரவு, இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தாய் பள்ளிவாசல் முனையில் காத்திருந்தார். "பேசிட்டான் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லைக்கு அப்பாலும் அதே இரவில் ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய் தன் மகனின் குரலைக் கேட்டு அழுதிருப்பாள்.

மறுநாள் பாடத்தில் அந்த மாணவனை அழைத்து மர்ருழ் ழஹ்ரான் வரலாற்றைச் சொன்னேன். கேட்டு முடித்தவன், "அப்ப, நெருப்பை மூட்டிக் காட்டுனதாலதான் சண்டை இல்லாம போச்சா ஹஜ்ரத்?" என்றான். "நெருப்பைக் காட்டியதும், அதோடு கதவைத் திறந்து வைத்ததும்" என்றேன்.

வலிமையுள்ளவர்களுக்கு அதைக் காட்டும் பொறுமையையும், அஞ்சி நிற்பவர்களுக்கு அபயம் தரும் அறிவையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக! எல்லைகளில் நிற்கும் பிள்ளைகள் அனைவரையும் அவரவர் தாயிடம் நலமாகச் சேர்ப்பானாக! ஆமீன்.